ஒரே பெட்டியில் இருந்த குரல்

என் கணவருக்குக் குரல்வளையை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்பு அவர் கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். பூம்பாறைக்கு மேலே வளைவில் வண்டி ஊர்ந்து ஏறும்போது பின்படியில் நின்றுகொண்டு அவர் கொடுக்கும் குரல் டிரைவர் காதில் தெளிவாக விழும். தொண்டையில் கட்டி என்று மதுரை மருத்துவமனையில் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இதுக்கப்புறம் இந்தக் குரல் வராதுங்க. தினமும் என்னென்ன பேசுவீங்களோ அதெல்லாம் இப்பவே பதிவு பண்ணி வச்சுக்கோங்க. போன்ல பட்டன் மாதிரி வச்சு, அமுக்குனா உங்க குரல்லயே பேசும்."

வில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் மகள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் இருந்தது. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கேள்வித்தாள் தட்டச்சு செய்யும் வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மைக்கைச் செருகி அவரை முன்னால் உட்கார வைத்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். "வாங்க, உக்காருங்க." "தண்ணி குடு." "வலிக்குது." "போதும்மா." அவரும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார். "படியில நிக்காதீங்க, உள்ள ஏறுங்க, வெரசா." யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் ஆயின. அறுவைச் சிகிச்சைக்காக மதுரைக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் மதியம், "நீ கொஞ்சம் வெளிய இரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பின்கட்டில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே அவருடைய குரல் ஏறியும் இறங்கியும் கேட்டது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. அவர் வெளியே வந்தபின் பார்த்தேன். ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் இருந்தது. "பிறகு" என்று பெயர் வைத்திருந்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் வந்து, பதிவுகளில் அதிகம் தேவைப்படும் அறுபதை மட்டும் எடுத்து அவர் போனில் பட்டன்களாகப் போட்டுக் கொடுத்தாள். மளிகைக் கடையில் அவர் அதை அமுக்கும்போது பழகியவர்கள்கூட ஒரு கணம் அவர் வாயைப் பார்ப்பார்கள். வேலையை விட்டுவிட்டு அரை ஏக்கரில் கேரட் போட்டார். மூச்சுவிடக் கழுத்தில் வைத்த துளையை மறைத்துத் துணி கட்டிக்கொண்டு, சட்டைப்பையில் போனும் சின்ன நோட்டும் வைத்துக்கொண்டு, எல்லா இடத்துக்கும் போய்வந்தார்.

என் தவறை இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளியில் தினமும் சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டுமுன், அன்றைய பதிவேடு முழுவதையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டு, தலைமை ஆசிரியையின் அறையில் உள்ள பீரோவில் வைத்துப் பூட்டுவேன். ஒன்பது வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுப்பேன். வீட்டில் இருந்த ஃபோல்டரை ஒருமுறைகூட வேறெங்கும் காப்பி செய்யவில்லை. போனில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இருக்கிறது, இது போதாதா என்று இருந்துவிட்டேன். இன்டர்நெட்டிலும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று மகள் எப்போதோ சொன்ன ஞாபகம். இடம் நிரம்பிவிட்டது என்று திரையில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும். பார்த்த கையோடு தள்ளிவிடுவேன்.

போன ஐப்பசிக்கு முந்தைய ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை கேரட் கழுவும் தொட்டியில் குனிந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து போன் நழுவிச் சேற்றுத் தண்ணீருக்குள் போய்விட்டது. டவுனில் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, அது முடிந்துபோனது என்றார். அங்கேயே புதுப்போன் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, நோட்டில் எழுதினார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் போட்டுரு."

ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வாசலில் நின்று அவர்களைத் தம் குரலில் வாங்க என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. திரை வர வெகுநேரம் ஆயிற்று. ஃபோல்டரைத் திறந்தேன். எல்லாப் பெயர்களும் தெரிந்தன. அப்பாடா என்று பென் டிரைவைச் செருகிக் காப்பி கொடுத்தேன். மூன்று பதிவுகள் பென் டிரைவுக்குப் போய்ச் சேர்ந்தன. நான்காவதில் பச்சைக் கோடு அப்படியே நின்றது. கால் மணி நேரம் காத்திருந்தேன். கோடு நகரவில்லை. சத்தம் மட்டும் வேகமானது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஃபோல்டர் வந்தது, திறக்கவில்லை. மறுபடி அணைத்தேன், போட்டேன். ஃபோல்டரே வரவில்லை. அவர் டீ டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றார். என் தோள்வழியாகத் திரையைப் பார்த்தார்.

"பழைய மிஷின்தானங்க, மெதுவா வருது" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப்பிறகும் நான் நிறுத்தவில்லை. கடைசியாகப் போட்டபோது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றது.

மறுநாள் பள்ளியிலிருந்து மகளுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் முதலில் சொன்னது, "அம்மா, மொதல்ல அத ஆன் பண்றத நிறுத்து" என்பதுதான். இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அரைமணி கழித்துக் கூப்பிட்டாள்.

"அதுல நம்ம போட்டோ மட்டுந்தாம்மா இருக்கு. அப்பா பதிவு வச்ச ஃபோல்டர அதுல சேக்கவே இல்ல. நீ சேத்திருப்பன்னு நான் நெனச்சேன்."

"நீ சேத்திருப்பன்னு நான் நெனச்சேன்" என்றேன்.

பிறகு அவளே, மதுரையில் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுக் கொடுக்கும் ஓர் இடத்தை விசாரித்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அவர் வெள்ளனே தோட்டத்துக்குப் போனதும், மகள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரின் பக்கவாட்டைத் திறந்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி, இரண்டு வயர்களை உருவி, டிஸ்க்கை வெளியே எடுத்தேன். உள்ளங்கை அகலம்தான். துண்டில் சுற்றிச் சோற்று டப்பாவுக்குள் வைத்தேன். தோட்டத்து வழியாகப் போய், "ஸ்கூல் சோலியா மதுரைக்குப் போறேங்க, சாயங்காலம் வந்துருவேன்" என்று சொன்னேன். அவர் சேற்றுக்கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். "போட்டுட்டியா?"

"வந்து போடுறேன்."

பேருந்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். சாலை முழுக்கக் குழி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் டப்பாவை இரண்டு கையாலும் மடியைவிட்டு மேலே தூக்கிப் பிடித்தேன். பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் நிற்கும் லாரியின் விளக்குகூட மூடுபனியில் மங்கலாகத்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வண்டிக் கண்டக்டர், என் கணவரோடு வேலை பார்த்தவர், பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே எப்படி இருக்காருங்க?"

"நல்லாருக்காரு."

"அவரு சத்தம் இன்னும் காதுலயே கெடக்குங்க. மன்னவனூரு லைன்ல போனா சனங்க கேக்குறாங்க, அந்தச் சத்தக்கார கண்டக்டர் எங்கன்னு."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என்ன நினைத்தாரோ, நகர்ந்து போய்விட்டார்.

மதுரையில் அந்த இடம் ஒரு சந்தில் மாடியில் இருந்தது. முப்பது வயதிருக்கும் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், டப்பாவைத் திறந்து துண்டைப் பிரித்தாள். டிஸ்க்கைக் காதருகே வைத்து லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"சத்தம் வந்ததுக்கு அப்புறம் எத்தன தடவக்கா ஆன் பண்ணீங்க?"

"ரெண்டு மூணு தடவ."

அவள் டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஏழு தடவ" என்றேன்.

"உள்ள தட்டு மாதிரி ஒண்ணு சுத்திட்டே இருக்கும்க்கா. அதுக்கு மேல முடி அளவு எடைவெளியில ஒரு முனை ஓடும். அந்த முனைதான் கெட்டுப் போயிருக்கு. ஒவ்வொரு தடவ போடும்போதும் அது தட்டுல உரசுது. உரசுன எடத்துல இருந்தது திரும்ப வராது."

"எப்பத் தெரியும்?"

"இதே மாதிரி வேற டிஸ்க் தேடிப் பாகம் மாத்தணும். பத்து நாளாவது ஆகும்."

"ஞாயித்துக்கெழமைக்கு வேணும்."

"முடியாதுக்கா."

அவள் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். "பாகம் மாத்துனாலும் எவ்வளவு நேரம் ஓடும்னு சொல்ல முடியாது. பாதியில நின்னாலும் நின்னுரும். அதனால எந்த ஃபைல் முக்கியமோ அத மொதல்ல எழுதுங்க. அத எடுத்துட்டுத்தான் மத்ததுக்குப் போவேன்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வேண்டியது அன்றாடம் பேசும் வார்த்தைகள். எனக்குக் கதவுக்குப் பின்னால் கேட்ட அந்த ஒரு மணி நேரம்தான் ஞாபகம் வந்தது. அது பெரிய ஃபைல். அதை எடுப்பதற்குள் டிஸ்க் நின்றுபோனால் சின்னச் சின்ன வார்த்தைகள் எல்லாம் போய்விடும். அதை விட்டுவிட்டு வார்த்தைகளை எடுத்தால், அவர் எனக்கோ மகளுக்கோ என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். அவரையே கேட்கலாம் என்றால் அவர் பக்கத்தில் இல்லை. போன் செய்தால் அவரால் பேச முடியாது, நான் பொய் சொல்லி வந்ததும் தெரிந்துவிடும். "பிறகு" என்று முதலில் எழுதினேன். கீழே, மற்றதெல்லாம் என்று எழுதினேன்.

சனிக்கிழமை காலையில் அவர் வாசலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்காகக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்திருந்தார். போய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டக் டக் சத்தம், ஏழு தடவை, டப்பா, மதுரை. கேட்டு முடித்துவிட்டு அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மதியம் வரை வரவில்லை. கோபப்பட்டால் முன்பெல்லாம் தெரு முழுக்கக் கேட்கும். இப்போது அவர் கோபமாக இருக்கிறாரா, வேலையில் இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

சாப்பிட வந்தபோது இலைக்குப் பக்கத்தில் நோட்டை வைத்தார். "கெட்டுப்போனா போகுது. ஏன் பொய் சொன்ன?"

"பயமா இருந்துச்சுங்க."

அவர் சாப்பிட்டார். ரசம் வேண்டும் என்று கையால் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். என் கணவர் கேட்டருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றார். பையனின் அப்பா விஷயம் தெரிந்தவர்தான், ஆனாலும் அவரைப் பார்த்ததும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, "நாங்க, வரும்போது, ரோட்டுல, நல்ல மழைங்க" என்றார். மகள் காப்பித் தட்டோடு வந்தவள், "அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும்ங்க" என்றாள். முதலில் என் கணவர்தான் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் குலுங்க. பையனின் அப்பாவும் சிரித்துவிட்டார். அந்த இடமே அமைந்து, தை மாதம் கல்யாணம் நடந்தது.

பதினோராம் நாள் மதுரையிலிருந்து போன் வந்தது. இந்த முறை இருவருமாகப் போனோம். கண்ணாடிப் பெண் இரண்டு தாள்கள் வைத்திருந்தாள். ஒன்றில் வந்தவை, ஒன்றில் வராதவை. இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று நாற்பத்தொன்று வந்திருந்தது. "பிறகு" ஃபைலில் முதல் பன்னிரண்டு நிமிடம் மட்டும் வந்திருந்தது. அதற்குமேல் வெறும் இரைச்சல்.

"அந்தப் பெரிய ஃபைல எடுக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் கொஞ்சந்தான் ஓடுச்சு" என்றாள். "சரியா இருக்கான்னு போட்டுக் காட்டவா?"

என் கணவர் கையை நீட்டித் தடுத்தார். நோட்டை எடுத்து எழுதி, என்னிடம் காட்டினார். "இது வேண்டாம். நான் திரும்பி வரலேன்னா நீங்க கேக்குறதுக்குப் பேசுனது. வந்துட்டேன்ல."

பிறகு வராதவை பட்டியலை எடுத்து, டிக்கெட் செக் பண்ணுவதுபோல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது. "இந்தாம்மா." அவர் என்னை எப்போதும் கூப்பிடும் வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"நாந்தாங்க அந்தப் பெரிசை மொதல்ல எடுக்கச் சொன்னேன்" என்றேன். "அத விட்டுருந்தா இது வந்திருக்கும்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து, என் கைப்பையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் படி இறங்கினார். வத்தலக்குண்டில் வண்டி நின்றபோது, இறங்கிப்போய் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கி வந்தார்.

மகள் ஒரு வாரம் தன் பழைய போன்களைக் கிளறி, அப்பா எப்போதோ அனுப்பிய ஏழு குரல் செய்திகளைக் கண்டுபிடித்தாள். எல்லாம் "பாப்பா" என்று ஆரம்பிக்கின்றன. "இந்தாம்மா" எதிலும் இல்லை. இப்போது என்னைக் கூப்பிட வேண்டுமானால் டம்ளரில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"பிறகு" ஃபைலை அழிக்கச் சொல்லி எழுதிக் காட்டினார். மாட்டேன் என்றேன். கொஞ்சநேரம் யோசித்து, "அப்ப கேக்காத" என்று எழுதினார். நான் கேட்கவில்லை.

அதன்பின் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இந்த வேலைக்கென்று ஆயிற்று. புதுக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்கிறேன். முடிந்ததும் டிஸ்க்கை உருவிப் பீரோவில் வைத்துவிடுவோம். செருகியே விட்டால் மின்னல் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். இன்னொரு பென் டிரைவ் ஆடலூரில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. மிளகு பறிக்கும் நாளிலோ விசேஷத்துக்கோ போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவேன். இன்டர்நெட்டிலும் ஒன்று இருக்கிறது. அந்த ஃபோல்டர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று நானே திறந்து பார்த்துக்கொள்கிறேன். காப்பி முடிந்தது என்று திரையில் வந்தால் என் கணவருக்குப் போதாது. பெயர்களில் ஏதாவது ஒன்றின்மேல் விரலை வைப்பார். நான் அதை ஓடவிட வேண்டும். குரல் வந்தால்தான் நோட்டில் தேதி போட்டு டிக் செய்வார்.

இந்த வருட மழையில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் இடி விழுந்தது. பட்டப்பகல். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. கரண்ட் வந்தபின்னும் அது வரவில்லை. சுவிட்சை இரண்டாம் தடவை அமுக்கப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

அவர் பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தார். மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் செருகினேன். விளக்கு எரிந்தது. ஃபோல்டர் திறக்கும்வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். பெயர்கள் வரிசையாக வந்தன. அவர் நடுவில் ஒன்றின்மேல் விரலை வைத்தார். "மழ விட்டுருச்சா, பாரு" என்று அவர் குரல் கேட்டது.

இன்னும் நான்கைந்து ஓடவிட்டோம். மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அவர் நோட்டில் தேதி போட்டு டிக் செய்தார். டிஸ்க்கை உருவிப் பழையபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கேரட் பாத்தியில் தண்ணீர் நின்றிருக்கும், வடிய விட வேண்டும் என்று கையாலேயே சொல்லிவிட்டுப் போனார்.